வச்சிட்டுப் போ

காலை ஏழேகால் செய்தி முடிவதற்குள் வெள்ளைத்துரை பேச்சை நிறுத்திவிட்டார்.

நடந்தது சின்ன விஷயம். சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப் போகிறார்கள். ரத்னா இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து, "எப்பா, நானும் போகட்டுமா?" என்று கேட்டாள். அவர் ரேடியோவில் கவனமாக இருந்தார். சுந்தரவல்லி அடுப்படியிலிருந்து, "போயிட்டு வா. தண்ணியில மட்டும் எறங்காத" என்றாள்.

வெள்ளைத்துரை கை கழுவினார். ரேடியோவை அணைத்தார். செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார்.

"கடைக்குக் கிளம்புதேன்னு உங்கம்மைட்ட சொல்லு" என்றார் ரத்னாவிடம்.

சுந்தரவல்லி கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"எம்மா, அப்பா கடைக்குக் கிளம்புதாவளாம்" என்றாள் ரத்னா.

வெள்ளைத்துரை குடிக்கமாட்டார். கை ஓங்கியதில்லை. அசிங்கமாக ஒரு சொல் சொன்னதில்லை. தி. நகரில் அவரைத் தெரிந்தவர்கள் தங்கமான மனுஷன் என்பார்கள். அவர் பேச்சை நிறுத்துவார். அவ்வளவுதான்.

முதல் தடவை நிறுத்தியது கல்யாணமான புதிதில். அப்போது ஆதம்பாக்கத்தில் அவருடைய அக்கா வீட்டோடு இருந்தார்கள். காரணம் என்னவென்று சுந்தரவல்லிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்வது அவள் வேலை. குழம்பில் புளி ஏறியிருந்தது, அதுவா என்று கேட்டாள். எதிர்வீட்டு ரேடியோ பாட்டுக்கு வாசலில் நின்றேன், அதுவா. எங்க அம்மா வந்தப்போ ரெண்டு நாள் கூடத் தங்கிட்டா, அதுவா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். எது சரியான விடை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு அதற்கு ஒரு முறை உண்டாயிற்று. அறுபத்தெட்டில் அவருடைய ஜவுளிக்கடை ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்துக்கு வந்தபின் முறை உறுதியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரை வழக்கமாகக் கடையாள் வந்து வாங்கிப் போவான். பேச்சு நின்றுவிட்டால் ஒரு நாள் சுந்தரவல்லியே அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் பெண்கள் உட்கார்ந்து சேலை பார்ப்பார்கள். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அவர் பில் போடுவார். நைலக்ஸ் சேலையை மடிக்கச் சொல்வார். நூல் வியாபாரியோடு பேசுவார். ஆட்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். கால் கடுத்துப் போனபின், அவர் நிமிராமல் சொல்வார்.

"வச்சிட்டுப் போ."

அது அவளிடம் நேராகச் சொல்வது. அதோடு சரி. மறுபடி காபி நன்றாக இருக்கிறது என்பார், தலைவலியா என்று கேட்பார்.

கேரியரோடு போகிறவள் கேட்டதை விட்டுவிட்டுப் போகவேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தங்கச்சியின் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போவது அப்படித்தான் நின்றது. பாண்டி பஜாரில் தையல் வகுப்புக்குப் போவதும்.

இந்தத் தடவை கேரியரோடு போனால் ரத்னா மாமல்லபுரம் போகமாட்டாள். சுந்தரவல்லிக்கு அது தெரியும். ரத்னாவுக்கும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை குப்பம்மா மீன் கூடையை இறக்கினாள். ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறு வழியாக வருகிறவள். இந்தத் தெருவில் நாலு வீடுதான் மீன் வாங்கும்.

"வஞ்சிரம் இருக்கா?" என்றாள் சுந்தரவல்லி.

குப்பம்மா கூடையின் ஈரச் சாக்கை விலக்காமலே சிரித்தாள். "இன்னாம்மா, அண்ணாச்சி வாய்ல பூட்டு போட்டுக்கினாரா?"

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? வூட்டுல பேச்சு கீதுன்னா நெத்திலி வாங்குவ. பேச்சு இல்லன்னா வஞ்சிரம். நான் இன்னா குருடியா?"

"சும்மா கெட, குப்பம்மா."

"நீ குடுத்து வச்சவம்மா. எங்க ஆளு ஒரு நாளு வாய மூடிக்கினா கோயிலுக்குக் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினு கீறேன். எங்க மூடுறான்? தூக்கத்துலயும் கத்திக்கினு கீறான்." அவள் கத்தியைத் தீட்டினாள். "நடுத்துண்டு போடவா? கோவத்துக்கு நடுத்துண்டுதான்."

சுந்தரவல்லிக்கும் சிரிப்பு வந்தது. குப்பம்மா போனபின் மீனைக் கழுவும்போது சிரிப்பு நின்றது. ஒரு மீன்காரிக்கு இந்த வீட்டில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது வாங்கும் மீனை வைத்தே தெரிகிறது. தனக்கு நெத்திலிதான் பிடிக்கும் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

வஞ்சிரத்தை வெள்ளைத்துரை சாப்பிட்டார். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். "போதும்னு சொல்லு" என்றார் ரத்னாவிடம்.

அன்று சாயங்காலம் முத்துலட்சுமி வந்தாள். வெள்ளைத்துரையின் அக்கா. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"கடையில பாத்தேன். மூஞ்சி சரியில்ல. என்னளா செஞ்ச?"

"நான் ஒண்ணும் செய்யல மதினி. பிள்ளைய மாமல்லபுரம் போயிட்டு வான்னு சொன்னேன்."

"அவன் வாயத் திறக்குமுன்ன சொன்னியா?"

"ஆமா."

"பெறகென்ன? ஆம்பளைன்னு ஒருத்தன் எதுக்கு உக்காந்திருக்கான்?" முத்துலட்சுமி காபியை ஊதினாள். "அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான்ளா. பத்து வயசுல எங்கம்மைட்ட பேசாம இருந்தான். அம்மை அவன் பின்னாலேயே தட்டத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தச் சுத்தி வந்தா. நான்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள். கேரியர எடுத்துக்கிட்டுப் போயி நில்லு. பிள்ளைய அனுப்பலைன்னு ஒரு வார்த்த சொல்லிரு. எறங்கிருவான்."

"நீங்க நடுவுல சொன்னப்போ உங்களுக்கு என்ன வயசு மதினி?"

"ரத்னா வயசுதான். எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

போய் நிற்கிறேன் என்று சுந்தரவல்லி சொன்னாள். முத்துலட்சுமி வெற்றிலை போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

வியாழக்கிழமை காலை வெள்ளைத்துரை குளித்துவிட்டு வந்தார். சுந்தரவல்லி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"உங்கம்மைக்குக் கொழுப்பு கூடிப் போச்சுன்னு சொல்லு" என்று அவர் ரத்னாவிடம் சொல்வது கேட்டது. "இந்த வீட்டுல முடிவு எடுக்கது யாருன்னு கேளு."

ரத்னா பின்பக்கம் வந்தாள். "எம்மா, சட்டை இஸ்திரி போட்டாச்சான்னு அப்பா கேக்காவ."

சுந்தரவல்லி பிழிந்த துணியோடு அவளைப் பார்த்தாள். பிறகு, "போட்டாச்சுன்னு சொல்லு. கண்ணு ரெண்டும் இருந்தா கொடியில தெரியும்னு சொல்லு" என்றாள்.

ரத்னா உள்ளே போனாள். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"போட்டு கொடியில தொங்கவிட்டிருக்காளாம்ப்பா. வேற என்ன வேணும்னு கேக்கா."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. பழகிய குரல்.

அவர் கடைக்குப் போனபின் சுந்தரவல்லி அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"எதுக்கு மாத்திச் சொன்ன?"

ரத்னா தரையைப் பார்த்தாள். "உள்ளபடி சொன்னா நாள் கூடும்லா."

"எப்பயிருந்து மாத்துத?"

"எப்பவும்தான்."

"எங்கிட்டயும்?"

"ஆமா." பிறகு அதே மூச்சில், "நான் மாமல்லபுரம் போகலம்மா. டீச்சர்ட்ட நேத்தே சொல்லிட்டேன். வேற பிள்ளைய சேத்துக்கிடுவாவ" என்றாள்.

சுந்தரவல்லிக்கு உடம்பு சுட்டது. இவளுக்காகத்தானே எல்லாம். இவளுக்காக ஒரு வார்த்தை சொன்னதற்குத்தானே மூன்று நாளாக இந்தப் பாடு. இவள் கேட்காமலே விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். அவள் திரும்பி அடுப்பை மூட்டினாள்.

"எம்மா, நீல ரிப்பன் எங்க இருக்கு?"

பதில் சொல்லவில்லை.

"எம்மா."

"அலமாரியில இருக்கும்னு சொல்லு" என்றாள் சுந்தரவல்லி. அடுப்படியில் வேறு யாரும் இல்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ரத்னா ரிப்பன் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள்.

அன்று பகல் முழுக்க சுந்தரவல்லிக்கு வேலை ஓடியது. உளுந்து புடைத்தாள். பித்தளையைத் தேய்த்தாள். உடம்பில் ஒரு திடம் இருந்தது. இந்தத் தடவை நிற்பது தானில்லை. யோசித்து யோசித்து உருகுவது தானில்லை. இந்நேரம் ரத்னா வகுப்பில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு நன்றாக இருந்தது. அதை அவள் ஒரு மிட்டாய் மாதிரி வாயில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் ரத்னா வந்து பையை வைத்தாள். ஒரு சொல் இல்லாமல் அடுப்படிக்குப் போனாள். பால் காயும் வாசனை வந்தது. சுந்தரவல்லி கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரத்னா டவரா டம்ளரோடு வந்தாள். பக்கத்தில் நின்றாள்.

சுந்தரவல்லி நிமிரவில்லை. ஒரு கல்லை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

ரத்னா நின்றாள். ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மாறினாள். காபி சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வச்சிட்டுப் போ" என்றாள் சுந்தரவல்லி.

ரத்னாவின் முகம் மலர்ந்தது. அம்மா பேசிவிட்டாள். டவராவைக் கீழே வைத்துவிட்டு ஓடப் பார்த்தாள்.

சுந்தரவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டாள். அவருடைய குரல்கூட இல்லை. தன் குரல்தான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் சொல்லச் சொல்லவில்லை. காலையிலிருந்து உடம்பில் இருந்த திடம் என்னவென்று இப்போது தெரிந்தது. வெள்ளைத்துரைக்கு அது ஒவ்வொரு தடவையும் கிடைக்கிறது. கேரியரோடு போய்ப் போய்த் தானே கொடுத்திருக்கிறாள்.

"நில்லு."

ரத்னா நின்றாள். முகம் மறுபடி சுருங்கியது.

"இங்க வந்து உக்காரு. நின்னுக்கிட்டே பேசாத."

ரத்னா உட்கார்ந்தாள்.

"நான் எதுக்குப் பேசலைன்னு நெனச்ச?"

ரத்னா விரல் மடக்கினாள். "மாத்திச் சொன்னதுக்கா இருக்கும். இல்லன்னா உங்கிட்ட கேக்காம டீச்சர்ட்ட சொன்னதுக்கு. போன வாரம் பால் பொங்கவிட்டேம்லா, அதுக்கா இருக்கும். எல்லாமே என் தப்புத்தான்மா."

"உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"பெறகு?"

"பேசாம இருந்தது நான். அது என் தப்பு."

ரத்னாவுக்குப் புரியவில்லை. "அப்பா மாதிரியா?"

"அப்பா மாதிரிதான்."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

சுந்தரவல்லி பொய் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. "இல்ல. நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அதில் பாதியை டவராவில் ஊற்றி மகளிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு டீச்சர்ட்ட போயி, வாரேன்னு சொல்லு."

"அப்பாட்ட?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

"எங்கிட்ட சொல்லி விடும்மா. நான் பக்குவமா சொல்லுவேன்."

"வேண்டாம். இனி நீ யாருக்கும் சேதி கொண்டு போகக் கூடாது. எனக்கும் வேண்டாம், அவுகளுக்கும் வேண்டாம். அப்பா சொன்னா, நேரா சொல்லுங்கப்பான்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா எங்கிட்டயும் பேசமாட்டாவ."

"ஆமா" என்றாள் சுந்தரவல்லி. "பேசமாட்டாவ. நான் பேசுவேன்."

வெள்ளிக்கிழமை கடையாள் வந்து கேரியரை வாங்கிப் போனான். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இன்று அண்ணாச்சியம்மா வருவாள் என்று கடையில் எதிர்பார்த்திருந்தார்கள் போல.

அவள் வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தாள்.

கடையில் மெத்தையில் மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி பட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த விற்பனையாளர் நல்லசிவம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை கல்லாவில் இருந்தார். சுந்தரவல்லி கல்லாப் பக்கம் போகவில்லை. மெத்தையில், மாமிக்கு அடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மெத்தை அவள் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது.

நல்லசிவம் கையிலிருந்த சேலை பாதி விரிந்தபடி நின்றது.

"அண்ணாச்சியம்மா, உங்களுக்கு ஏதும்..."

"சேலை வேண்டாம் நல்லசிவம் அண்ணே. இவுகள்ட்ட ஒரு பேச்சு இருக்கு." அவள் கல்லாவைப் பார்த்தாள். "ரத்னா நாளைக்கு மாமல்லபுரம் போறா. நான் கொண்டு போயி பஸ்ஸுல ஏத்தி விடுதேன். உங்ககிட்ட நேரா சொல்லத்தான் வந்தேன்."

வெள்ளைத்துரை பேனாவை மூடினார். "நல்லசிவம், இது வியாபார நேரம்னு சொல்லும்."

நல்லசிவம் அவரைப் பார்த்தார். சுந்தரவல்லியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணே" என்றாள் அவள். "எனக்குக் கேட்டுச்சு. நான் செவிடு இல்ல."

மாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "யாருன்னு தெரியலையே. ஆத்துக்காரியா?"

"ஆமா மாமி."

"அதானே பார்த்தேன். ஏன் சார், பக்கத்துல இருக்கறவாகிட்ட சொல்றதுக்குத் தபால்காரர் எதுக்கு?" மாமி தன் சாமர்த்தியத்தில் தானே சிரித்தாள். "இந்த அரக்குப் புடவையை எடுத்து வை. பார்டர் சின்னதா வேற இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத்துரையின் காது சிவந்தது. அவருக்கு எதிரில் கேரியர் மூடியபடி இருந்தது.

சுந்தரவல்லி எதிர்பார்த்த பயம் வந்தது. எழுந்து போய், கல்லாப் பக்கம் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நிற்கப் பழகிய கால்கள் அவளுக்கு முன்பே எழப் பார்த்தன. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னொண்ணு" என்றாள். "நேத்து நான் ரத்னாட்ட பேசாம இருந்தேன். நீங்க எங்கிட்ட இருக்க மாதிரியே. பிள்ள காபிய வச்சிக்கிட்டு நின்னா. நீங்க சொல்லுத வார்த்தையத்தான் நானும் சொன்னேன். இனி சொல்லமாட்டேன். கேக்கவும் மாட்டேன். இங்கன வந்து நிக்கமாட்டேன்."

"நல்லசிவம்" என்றார் வெள்ளைத்துரை.

நல்லசிவம் அலமாரிப் பக்கம் திரும்பி மாமிக்குச் சின்ன பார்டர் தேடினார். வெகுநேரம் தேடினார்.

சுந்தரவல்லி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். யாரும் போ என்று சொல்லாமலே போனாள். தெருவில் வெயில் அடித்தது. உஸ்மான் சாலை வரை நடந்தாள். அவள் ஒரு சர்பத் வாங்கிக் கடை வாசலிலேயே நின்று குடித்தாள்.

அன்று மாலை முத்துலட்சுமி ஓடி வந்தாள். செய்தி ஆதம்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

"உனக்குப் பைத்தியமா? நாலு பேரு முன்னால ஆம்பளைய இப்படிச் செய்யலாமா?"

"நாலு பேரு முன்னாலதான மதினி இத்தன நாள் நான் நின்னேன்."

"அது வேற."

"எப்படி வேற?"

முத்துலட்சுமி யோசித்தாள். "ஒரு மாசம் பேசமாட்டான், பாத்துக்க" என்றாள்.

"பேசாம இருக்கட்டும்."

"ஒரு வருசம்?"

"நெத்திலி வாங்குவேன்" என்றாள் சுந்தரவல்லி. முத்துலட்சுமிக்கு அது விளங்கவில்லை. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை விடியும்போதே சுந்தரவல்லி புளிச்சாதம் கட்டினாள். பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றிருந்தது. ரத்னா ஏறுமுன் திரும்பி வந்தாள்.

"எம்மா, இன்னைக்கு வீட்டுல நீங்க ரெண்டு பேருந்தான். அப்பாவுக்கு ஏதாவது வேணும்னா யாரு..."

"அது உன் வேலை இல்ல."

"நான் போகாம வேணா..."

"ஏறுட்டி."

ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடிக்கப் பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டாள். சத்தமாகப் போட்டாள். பஸ் போகும்வரை சுந்தரவல்லி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெள்ளைத்துரை சாப்பாட்டு மணையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் வெறும் தட்டு. இட்லிப் பாத்திரம் அடுப்படியில் இருந்தது. எழுந்தால் எடுக்கலாம். அவர் எழுந்திருக்கவில்லை.

சுந்தரவல்லி கால் கழுவினாள். பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இன்னொரு மணையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் தட்டில் மூன்று இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் சாப்பிடுமுன் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. பார்த்தார்.

அவள் ஒரு இட்லி சாப்பிட்டு முடித்தாள். பசி இருந்தது.

வெள்ளைத்துரை ரத்னா வழக்கமாக உட்காரும் இடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே தரை மட்டும் இருந்தது.

"சட்னி இல்லையான்னு கேளு" என்றார்.

சுந்தரவல்லி கையைத் தட்டில் வைத்தபடி, அவர் முகம் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"யாருட்ட சொல்லுதீங்க?"